மிஸ் பிம்லாட்டுக்கு ஓட்டுப் போடுங்கள்

ஏழை என்று நிரூபிக்க ஒரு மனுஷிக்கு எவ்வளவு வசதி வேண்டும் என்பது, மிஸ் ஹெஸ்டர் பிம்லாட் என் வீட்டு மாடி அறைக்குக் குடிவரும்வரை எனக்குத் தெரியாது. நான் சேணம் தைப்பவரின் விதவை. சோமர்ஸ் டவுனில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவள். எங்கள் தெருவில் ஒருத்தி ஏழை என்றால் அவள் செருப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்குக் கமிட்டி போட வேண்டியதில்லை.

மிஸ் பிம்லாட் கவர்னஸாக இருந்தவர். முப்பத்தெட்டு வருஷம், ஒன்பது பெரிய வீடுகளில் தங்கி, அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் பியானோவும் பூகோளமும் நிமிர்ந்து உட்காரவும் சொல்லிக்கொடுத்தவர். எஜமானர்களோடு சாப்பிட அவருக்குத் தகுதி போதாது. வேலைக்காரர்களோடு சாப்பிடத் தகுதி அதிகம். அதனால் முப்பத்தெட்டு வருஷமும் ஆறிப்போன ஆட்டிறைச்சியை மாடியில் தனியாகத் தின்றிருக்கிறார். என் வீட்டுக்கு வந்த முதல் நாள் அடுக்களையில் என்னோடு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து ஒரு வாய் குடித்தவர், சூப் சுடுகிறது என்று ஆச்சரியப்பட்டார்.

வயது அறுபத்தொன்று. கண் மங்கத் தொடங்கியிருந்தது. இசைக் குறிப்பைப் படிக்க முடியாத கவர்னஸை யார் வைத்துக்கொள்வார்கள்? கையில் இருந்தது, கரியைப் பார்த்து எரித்தால், இரண்டு வருஷம் தாங்கும். அதற்கப்புறம் ஊர் நடத்தும் ஏழையர் விடுதிதான். சாம்பல் நிறச் சீருடை, தண்ணிக் கஞ்சி, வரிசையாகப் போட்ட கட்டில்.

"எங்க வேணும்னாலும் போவேன், மிஸஸ் மட்ஜ். அங்க மட்டும் போகமாட்டேன்" என்பார். அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அதன் பெயர் நலிந்த நற்குடி கவர்னஸ் ஆதரவு மன்றம்.

மன்றத்துக்கு ஹைகேட் மேட்டில் ஓர் இல்லம் உண்டு. இருபத்திரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் கணப்பு. உள்ளே இருப்பவர் யாராவது செத்தால் ஓர் அறை காலியாகும். அதற்கு மனு கொடுக்க அவர் கிளம்பியபோது, படி இறங்கத் தடுமாறியதால் நானும் கூடப் போனேன். செயலாளர் மிஸ்டர் ஃப்ரூட் மெலிந்த மனிதர். மையைக்கூடச் சிக்கனமாகத் தொட்டு எழுதுபவர்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். யாசகம் கேட்டவங்க யாருக்கும் இந்த மன்றத்துல இடமில்ல" என்றார்.

"நான் கேட்டதே இல்லை, ஐயா" என்றார் மிஸ் பிம்லாட்.

"ரொம்ப நல்லது. அப்போ நீங்க செய்யவேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். நம்ம சந்தாதாரர்கள் ஆயிரத்து எண்ணூறு பேர். ஒவ்வொருத்தருக்கும் கடிதம் எழுதி, உங்க கஷ்டத்தைச் சொல்லி, ஓட்டுக் கேக்கணும். அரை கினி சந்தாவுக்கு ஓர் ஓட்டு. மே மாசம் ஒரு தேர்தல், நவம்பர்ல ஒண்ணு. யாருக்கு ஓட்டு அதிகமோ அவங்களுக்கு அறை."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அது யாசகம் இல்லையாங்க?" என்று கேட்டேன்.

ஃப்ரூட் என்னைப் பார்த்தார். "இந்தாம்மா, ஒருத்தர்கிட்ட கேட்டா யாசகம். ஆயிரத்து எண்ணூறு பேர்கிட்ட கேட்டா அது தேர்தல்."

கடிதம் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும். அச்சடித்தால் வியாபாரம், அடுத்தவர் எழுதினால் மோசடி. இவருக்குக் கண் சரியில்லாததால்தானே இங்கே வந்திருக்கிறோம் என்றேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"பார்வை மங்கல்னு தாராளமா எழுதலாம். படிக்கிறவங்க மனசு இளகும். ஆனா அடியோட போயிடாமப் பாத்துக்கங்க. பதினொண்ணாம் விதி, பார்வை போனவங்களுக்கும் நோயாளிங்களுக்கும் இல்லத்துல இடமில்ல. இது நலிஞ்சவங்களுக்கான இடம்."

அடுத்து கமிட்டி. நீள மேசைக்குப் பின்னால் ஒன்பது கனவான்கள். அவர்கள் மிஸ் பிம்லாட்டிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவருடைய கையுறைகளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு நல்ல கையுறை போட்டிருப்பவர் எப்படி நலிந்தவர் ஆவார் என்றார் ஒருவர். கையுறை இல்லாமல் வந்திருந்தால் நற்குடிப் பெண் என்று எப்படி நம்புவது என்றார் இன்னொருவர். கிழிந்த கையுறை அசட்டையைக் காட்டும், அசட்டை குணக்கேட்டைக் காட்டும் என்றார் மூன்றாமவர். அரைமணி நேரம் ஓடியது. கடைசியில் தலைவர் சர் லூசியஸ் ஹாலம் தீர்ப்புச் சொன்னார். வேட்பாளர் அணிய வேண்டிய கையுறையில் ஒரு விரல் கிழிந்து, அதே நிற நூலால் ஒழுங்காகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் காட்டலாம்.

மிஸ் பிம்லாட் வீட்டுக்கு வந்து, இருந்த ஒரே நல்ல ஜோடியில் சுண்டுவிரலைக் கத்தரியால் வெட்டி, உட்கார்ந்து தைத்தார். மனு ஏற்கப்பட்டது.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம் உட்காருவார். வெளிச்சம் போகும்வரை எழுதுவார். முதல் சுற்றில் அவருடைய கையெழுத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோடு போடாத தாளில் கோடு போட்டதுபோல வரிகள் நேராக ஓடும். ஆயிரத்து எண்ணூறு கடிதங்களையும் நான்தான் கூடையில் சுமந்துபோய்த் தபாலில் போட்டேன்.

நவம்பர் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. ஜெயித்தது ஒரு பிஷப்பின் மருமகள், ஆயிரத்து அறுநூற்று நாற்பது. அந்த அம்மாள் ஒரு கடிதமும் எழுதவில்லை. பிஷப் ஒரே ஒரு விருந்து வைத்தார்.

தோற்றவர்களின் ஓட்டு அடுத்த தேர்தலுக்குச் சேர்ந்துவரும், மனம் தளர வேண்டாம் என்றார் ஃப்ரூட். ஆகவே அடுத்ததற்கு முன்னால் அவருடைய பழைய மாணவியைப் பார்க்கப் போனோம். போர்ட்லண்ட் பிளேஸில் மிஸஸ் வின்டர்போர்ன். பதினோரு வருஷம் இவரிடம் படித்தவள். நாற்பது ஓட்டுக்குச் சொந்தக்காரி.

"பிம்மி, நீங்க இன்னும் இருக்கீங்களா" என்றாள் சந்தோஷமாக. எங்களை உட்காரவும் சொன்னாள். தேநீர்தான் அவளுக்கு மட்டும் வந்தது.

"எங்கிட்ட நாப்பது ஓட்டு இருந்துச்சு, பிம்மி. ஆனா பாருங்க, என் கோச்சுவண்டிக்காரன் பையனை அனாதை இல்லத்துல சேக்கணும்."

"அவன் அப்பா உயிரோட இருக்காரே" என்றார் மிஸ் பிம்லாட். வாசல் கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டவரே அவர்தான்.

"பாதி அனாதைதான். அதனாலதான் ஓட்டு நிறைய வேணும். அனாதை இல்லத்து ஓட்டு முப்பது லேடி கோப்லிகிட்ட இருந்துச்சு. அதுக்குப் பதிலா உங்க மன்றத்து ஓட்டு முப்பதை அவங்களுக்குக் கொடுத்தேன். மிச்சம் பத்தை ஒரு வயசான மாலுமிக்காக மாத்திட்டேன். அந்த மாலுமியும் எனக்கு வேணாம், ஆனா மாலுமி ஓட்டை வச்சிருந்தா தீராத வியாதிக்காரங்க ஓட்டு வாங்கலாம். நல்லது செய்யறது எவ்வளவு சிக்கல்னு உதவி வாங்கறவங்களுக்குப் புரியறதே இல்ல."

பிறகு பிரியமாகக் குனிந்து யோசனை சொன்னாள். "உங்க கேஸ்ல சுவாரஸ்யம் கம்மி, பிம்மி. உங்க அப்பா திவாலானாரா?"

"இல்லை. பாதிரியாரா இருந்து தூக்கத்துல இறந்துபோனார்."

"தம்பி யாராவது கடல்ல மூழ்கினாங்களா?"

"தம்பி இல்லை."

"அதான் பாருங்க" என்றாள் மிஸஸ் வின்டர்போர்ன்.

திரும்பி வரும்போது நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். மிஸ் பிம்லாட் தலையை ஆட்டிக்கொண்டார். "அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவ நான்தான், மிஸஸ் மட்ஜ். மத்த எதுவும் ஏறலை" என்றார்.

மே மாதம் தோல்வி. அடுத்த நவம்பரும் தோல்வி. மூன்றாம் சுற்றில்தான் நான் கவனித்தேன், அவருடைய வரிகள் இடப்பக்கம் சரியாகத் தொடங்கி வலப்பக்கம் போகப்போகக் கீழே சரிந்தன. அவருக்கு அது தெரியவில்லை. நேராக எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. அளவுகோலை அடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அளவுகோலையும் தாண்டிச் சரிந்தது.

ஃப்ரூட் இதைக் கவனித்து ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். "தங்கள் கையெழுத்தில் அண்மைக்காலமாக ஓர் உருக்கம் கூடியுள்ளது. சந்தாதாரர்கள் பலர் பாராட்டியுள்ளனர். அவ்வாறே தொடரவும்."

அந்தக் குளிர்காலத்தில் எனக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் தெரு வழியாக ரயில் போகப்போகிறது, செப்டம்பர் கடைசிக்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். டெட்ஃபர்டில் என் தங்கை வீடு இருக்கிறது. ஒரே அறை, அதில் தங்கை, அவள் புருஷன், நாலு பிள்ளைகள், அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் எனக்கு ஓர் இடம். மிஸ் பிம்லாட்டுக்கு இனி ஒரே தேர்தல்தான் பாக்கி. ஜெயித்தால் ஹைகேட். தோற்றால் அவர் போகவே மாட்டேன் என்ற அந்த விடுதி. அந்தச் சுற்றில் அவர் ஒரு நாளைக்கு இருபது கடிதம் எழுதிவந்தவர் முப்பது எழுதினார். ஏப்ரல் மாதம் ஒரு காலையில், எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி வணக்கம் சொன்னார்.

தேர்தல் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. பலகைகளில் பெயரும் எண்ணும் எழுதி எழுதி அழித்தார்கள். கனவான்கள் தொப்பியோடு அலைந்து, "ரெண்டு அனாதைக்கு ஒரு விதவை", "ஒரு மாலுமிக்கு மூணு கவர்னஸ்" என்று பேரம் பேசினார்கள். எனக்கு மாட்டுச் சந்தை தெரியும். அங்கே மாட்டின் பல்லையாவது பார்ப்பார்கள்.

மூன்று மணிக்கு ஒரு சண்டை வந்தது. முன்னணியில் இருந்த இரண்டு வேட்பாளர்களின் புரவலர்கள், ஒரு ஜெனரலும் ஒரு மதுபான ஆலை முதலாளியும், ஏதோ முடவர் பள்ளி ஓட்டு விஷயத்தில் ஒருவரையொருவர் பொய்யன் என்று சொல்லிக்கொண்டார்கள். உன் ஆள் ஜெயிக்கவே கூடாது என்று ஜெனரல் தன் ஓட்டையெல்லாம் பலகையின் கடைசிப் பெயருக்குக் கொட்டினார். உன் ஆள் மட்டும் ஜெயிக்கலாமா என்று ஆலை முதலாளியும் அதே பெயருக்குக் கொட்டினார். கடைசிப் பெயர் பிம்லாட். இரண்டாயிரத்துப் பதினோரு ஓட்டு.

நான் அழுதுவிட்டேன். மிஸ் பிம்லாட் பலகை இருந்த திசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கு ஒருமுறை தலை வணங்கினார்.

இனி ஒரு சடங்குதான் பாக்கி. ஜூன் மாத ஆண்டுவிழாவில், விருந்துக்கு முன்னால், தேர்வானவர் கமிட்டி முன் நின்று உறுதிமொழியை வாசிக்க வேண்டும். அவருக்கு அப்போது ஜன்னல் எது சுவர் எது என்பதற்கு மேல் தெரியாது. ஃப்ரூட் அனுப்பிய பிரதியை நான் இரண்டு முறை படித்துக் காட்டினேன். முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவர், ஒரே காலையில் நெட்டுருப் போட்டுவிட்டார். பொய் சொல்லப்போகிறோமே என்று மட்டும் வருத்தப்பட்டார். அவர்கள் விதிக்கு இது போதும் என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விழாவில் சர் லூசியஸ் பேசினார். "நம்ம மன்றத்தோட பெருமை என்னன்னா, நாம தேவையைப் பாத்துக் கொடுக்கிறதில்ல. தேவையைப் பாத்தா எல்லாருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். நாம தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறோம். தொண்ணூறு பேருக்கு ஏமாற்றம், ஒருத்தருக்கு நன்றி. அந்த ஒரு நன்றியோட மதிப்பு எவ்வளவுன்னு யோசிச்சுப் பாருங்க." கைதட்டினார்கள்.

ஃப்ரூட் தங்க ஓரம் போட்ட ஓர் அட்டையை மிஸ் பிம்லாட் கையில் கொடுத்தார். அவர் அதைச் சரியான தூரத்தில் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, தெளிவான குரலில் தொடங்கினார்.

"ஹெஸ்டர் பிம்லாட் ஆகிய நான், என் நிலைமைக்கு வேறு எவரும் பொறுப்பல்லர் என்பதை உணர்ந்து, எனக்குத் தரப்படும் உணவை முணுமுணுக்காமல் நன்றியுடன் ஏற்பேன் என்றும், கணப்பில் இரண்டு கட்டிக் கரிக்கு மேல் இடமாட்டேன் என்றும், சுவரில் உள்ள விதிகளை நாள்தோறும் வாசிப்பேன் என்றும் உறுதி கூறுகிறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள்கூட உண்டு. அழகாக வாசித்தார் என்றார் சர் லூசியஸ். ஆலை முதலாளி எழுந்து கையை நீட்டினார்.

"அந்த அட்டையைக் கொஞ்சம் குடுங்க. எனக்கு அட்டை வரலை. இன்னிக்கு ஆமை சூப்பு தெளிவா, கெட்டியான்னு பாக்கணும்."

அவர் வாங்கிப் பார்த்து, கெட்டி என்று பக்கத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகுதான் அவருக்கே ஏதோ உறைத்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அது தலைவரிடம் போனது. ஃப்ரூட் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து வெளிறினார். உறுதிமொழி அங்கே இருந்தது. உறுதிமொழிக்கும் விருந்துப் பட்டியலுக்கும் ஒரே அட்டை, ஒரே தங்க ஓரம். சிக்கனம்.

"மிஸ் பிம்லாட், நன்றியுடன்ங்கிற வார்த்தை எத்தனாவது வரியில இருக்கு?" என்றார் சர் லூசியஸ்.

"மூணாவது வரியில, ஐயா."

"மூணாவது வரியில வாத்து இருக்கு" என்றார் சர் லூசியஸ்.

அவர் நொந்துபோன குரலில் தொடர்ந்தார். "ஒன்பது பேர் நல்ல கண்ணோட உக்காந்திருக்கோம். பார்வை இல்லாத ஒருத்தங்க நம்மளை ஏமாத்தியிருக்காங்க. முன்னாடியே சொல்லியிருந்தா முன்னாடியே நிராகரிச்சிருப்போம். இவ்வளவு தூரம் வந்து மனசு கஷ்டப்பட வேண்டியிருந்திருக்காது. எங்களுக்கு."

நான் எழுந்துவிட்டேன். "உங்களுக்குக் கடுதாசி எழுதி எழுதித்தான் அவங்க கண்ணே போச்சு. ஏழாயிரத்து இருநூறு கடுதாசி."

"அதை மன்றம் பாராட்டுது. ஆனா பதினொண்ணாம் விதி எப்படிப் போச்சுன்னு கேக்கறதில்ல, இருக்கா இல்லையான்னுதான் கேக்குது" என்றார்.

சூப் ஆறிக்கொண்டிருந்ததால் கூட்டம் கலைந்தது. ஃப்ரூட் மட்டும் ஒரு தாளோடு வந்தார். இரண்டாயிரத்துப் பதினோரு ஓட்டும் வீணாகக் கூடாதாம். அடுத்த வேட்பாளருக்குத் தானமாகக் கொடுத்தால் மன்றத்தின் அறிக்கையில் வருமாம். டெட்ஃபர்டு விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"அவங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கா?" என்று கேட்டார் மிஸ் பிம்லாட்.

"இருக்கு."

அவர் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி பகல் பதினோரு மணிக்கு அவரை ஏழையர் விடுதி வாசலுக்குக் கூட்டிப்போனேன். தங்கை புருஷனிடம் கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. நான் இன்னும் கெஞ்சியிருக்கலாம். அந்த வெட்கம் எனக்குப் போகாது. வாயில்காரன் பெயரும் வயதும் கேட்டான். ஏட்டில் எழுதிக்கொண்டு கதவைத் திறந்தான்.

மிஸ் பிம்லாட் நகரவில்லை. தைத்த விரல் தெரியும்படி கையை முன்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவ்வளவுதானா, மிஸஸ் மட்ஜ்? யாரும் ஓட்டுப் போட வேண்டாமா?"

"எதுக்கு ஓட்டு? வெளிய குளிருதுல்ல, உள்ள வாம்மா" என்றான் வாயில்காரன்.

அக்டோபரில் டெட்ஃபர்டுக்கு அவர் பெயரில் மன்றத்தின் உறை ஒன்று வந்தது. மன்றத்துக்கு எதைத் தானமாகக் கொடுத்தாலும் கொடுத்தவர் ஓராண்டுக்கு உறுப்பினராம். உறுப்பினர் மிஸ் பிம்லாட்டுக்கு நவம்பர் தேர்தலில் ஓர் ஓட்டு உண்டு, சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. கூடவே அறிக்கையும். அதில் அவருடைய பெயர் கொடையாளர்கள் பட்டியலில், ஜெனரலுக்கும் மிஸஸ் வின்டர்போர்னுக்கும் நடுவில் இருந்தது.

அதற்குப் பின்னால் கடிதங்கள் வந்தன. தினமும் ஆறு, ஏழு. மாதக் கடைசியில் தொண்ணூற்றொன்று. தபால்காரன் என் தங்கைக்கு ஏதோ சொத்து வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் எல்லாவற்றையும் கூடையில் போட்டு விடுதிக்கு எடுத்துப்போனேன். அடுப்பில் போடலாம் என்று சொல்லத்தான் போனேன்.

அவர் சாம்பல் உடுப்பில், பெஞ்சின் ஓரத்தில், யாரோ நிமிர்ந்து உட்காரச் சொன்னதுபோல உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையை நீட்டிக் கூடையைத் தடவிப் பார்த்தார்.

"படிக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம், மிஸஸ் மட்ஜ். அதுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. யாரோட வரி வலப்பக்கம் போகப்போகக் கீழே சரியுது? அவங்களுக்குப் போட்டுடுவோம்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். நேரானவற்றைக் கூடையிலேயே போட்டேன். சரிந்தவற்றை அவருடைய மடியில் வைத்தேன்.

மடியில் முப்பத்தேழு சேர்ந்தன. சீட்டில் ஒரு பெயர் எழுதத்தான் இடம் இருந்தது. மிஸ் பிம்லாட் பென்சிலோடு காத்துக்கொண்டிருந்தார்.